வெள்ளி ஃபிலிம் ஒட்டியும் டிரெய்லர் குளிரவில்லை, என்ன செய்யலாம்?

சான் ஆன்டோனியோ வாசி:

வணக்கம். போன வருடம் 24 அடி டிராவல் டிரெய்லர் (வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீடு) ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். கூரையில் ஒரே ஏசி, மணிக்கு 13,500 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) குளிர்விக்கும் திறன். 30 ஆம்ப் இணைப்பு. ஏப்ரல் வரை ஒரு குறையும் இல்லை. போன வார இறுதியில் கார்னர் ஸ்டேட் பார்க் போயிருந்தோம். வெளியே 102 டிகிரி ஃபாரன்ஹீட். காலை எட்டு மணியிலிருந்து ஏசி நிற்காமல் ஓடியும் மாலை நாலு மணிக்கு உள்ளே 88. திருச்சி வெயிலிலேயே அறுபது வருடம் இருந்த அம்மா, "இதுக்கு மரத்தடியே தேவலை" என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மேற்குப் பக்கம் மூன்று ஜன்னல்கள், மொத்தம் 16 சதுர அடி இருக்கும். கம்பெனியிலிருந்தே கருப்பாக டின்ட் அடித்த கண்ணாடி. போவதற்கு முன்பே உள்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளக்கும் வெள்ளி ஃபிலிம் ஒட்டினேன், பசை இல்லாமல் தானே ஒட்டிக்கொள்ளும் வகை. குளியலறைக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் ஸ்கைலைட்டுக்கும் மிச்சமிருந்ததை ஒட்டினேன். ஜன்னலில் கை வைத்தால் தோசைக்கல். ஸ்கைலைட்டில் அம்மை போட்ட மாதிரி கொப்புளம். இதையெல்லாம் பிய்த்துவிட்டு வெப்பத்தைத் தடுக்கும் விலை கூடிய செராமிக் ஃபிலிம் போட்டால் சரியாகுமா? உள்ளே ஒட்டுவதா, வெளியே ஒட்டுவதா?

ஊர் சுற்றி:

செராமிக்கே போடுங்கள் நண்பரே. என் காரில் போட்டேன், அருமை.

பீனிக்ஸ் அக்கா:

தம்பி, அவசரப்பட்டு செராமிக் வாங்காதீங்க. கார் வேறு, இது வேறு. காரை நிழலில் விட்டுவிட்டுப் போய்விடுவோம். இதில் நாள் முழுக்கக் குடித்தனம்.

கை வைத்தால் சுடுகிறது என்கிறீர்களே, விஷயமே அங்கேதான் இருக்கிறது. கருப்புக் கண்ணாடி வெயிலை உறிஞ்சுகிறது. உறிஞ்சாமல் தப்பித்து உள்ளே வருவதை உங்கள் வெள்ளி ஃபிலிம் திருப்பி அனுப்புகிறது. அது மறுபடியும் அதே கருப்புக் கண்ணாடி வழியாகத்தானே வெளியே போக வேண்டும்? போகிற வழியில் இன்னொரு முறை உறிஞ்சப்படுகிறது. கண்ணாடியே ஹீட்டர் ஆகிவிடுகிறது. ஃபிலிம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன், பாதி வேலை செய்கிறது. மீதிச் சூடு உங்கள் அறைக்குள்தான் இறங்குகிறது.

வெயிலைக் கண்ணாடிக்கு வெளியேயே நிறுத்துங்கள். தோட்டக் கடையில் 80, 90 சதவீதம் நிழல் தரும் வலைத்துணி கிடைக்கும். அளவுக்கு வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, ஜன்னல் சட்டத்தைச் சுற்றி அமுக்கு பட்டன் அடித்து மாட்டினால் போதும். கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவே ஓர் அங்குலம் காற்று போகட்டும். உள்ளேயிருந்து பார்த்தால் வெளியே தெரியும், இருட்டடிக்காது. ஒரே ஒரு எச்சரிக்கை. சிவப்புக் கைப்பிடி உள்ள ஜன்னல் அவசர வழி. அதை நிரந்தரமாக மூடித் தைத்துவிடாதீர்கள், உள்ளேயிருந்து தள்ளினால் துணியோடு திறக்க வேண்டும்.

ஸ்கைலைட்டில் இருக்கும் ஃபிலிமை இன்றைக்கே பிய்த்துவிடுங்கள். அது அக்ரிலிக் மாதிரி ஒரு பிளாஸ்டிக். சூடானால் பிளாஸ்டிக்கிலிருந்து வாயு வெளியேறும், ஃபிலிம் அதை அடைத்துக்கொள்ளும். கொப்புளம் அதனால்தான். இரண்டுக்கும் நடுவே சூடு தேங்கினால் ஸ்கைலைட்டே வளைந்துபோகும். வெளிப்பக்கம் வெள்ளைத் துணி உறை போடுங்கள். கூரை வென்ட் (காற்றுப் போகும் திறப்பு) 14 அங்குலச் சதுரம்தான் இருக்கும். அதற்குள் அடைக்க மெத்தை மாதிரி ஒன்று விற்கிறார்கள், அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

சான் ஆன்டோனியோ வாசி:

நன்றி அக்கா. அப்படியானால் ஃபிலிமுக்கே வேலை இல்லையா?

பீனிக்ஸ் அக்கா:

இருக்கிறது. டின்ட் இல்லாத வெறும் கண்ணாடி என்றால் உள்ளே ஒட்டினாலும் நல்ல பலன். வெளியே ஒட்டத் தனி ரகம் உண்டு, வெயிலையும் மழையையும் தாங்கும்படி செய்தது. உள்ளே ஒட்டுவதை எடுத்து வெளியே ஒட்டினால் ஒரே கோடையில் உரிந்துவிடும். இரட்டைக் கண்ணாடி ஜன்னலாக இருந்தால் மட்டும் கம்பெனியைக் கேட்காமல் எதையும் ஒட்டாதீர்கள். சூடு ஏறி நடுவிலுள்ள சீல் விட்டுவிட்டால், அப்புறம் காலம் முழுக்க மூட்டமான ஜன்னல்தான்.

ஸ்பேனர் செட்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எல்லோரும் ஜன்னலையே பார்க்கிறீர்கள். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். மாலை வெயில் மேற்குச் சுவரில் சதுர மீட்டருக்கு 600-700 வாட் விழும். 16 சதுர அடி என்பது ஒன்றரைச் சதுர மீட்டர். அத்தனையும் உள்ளே வந்தால்கூட ஏறக்குறைய 1,000 வாட், அதாவது மணிக்கு 3,400 பி.டி.யு. உங்கள் ஏசியின் கால்வாசி. பெரிய விஷயம்தான், ஆனால் 88-க்கு அது மட்டும் காரணமாக இருக்க முடியாது. கருப்புக் கண்ணாடியே கொஞ்சத்தைத் தடுத்துவிடுகிறதே.

சமையல்கட்டில் கிடக்கும் தெர்மாமீட்டரை எடுங்கள். ஏசி இருபது நிமிடம் ஓடிய பிறகு, காற்றை உறிஞ்சும் கிரில்லில் ஒரு அளவு, குளிர் காற்று வரும் பக்கத்து வென்ட்டில் ஒரு அளவு, படுக்கையறை வென்ட்டில் ஒரு அளவு. ஃபில்டரைக் கழுவிவிட்டு எடுங்கள். எழுதுங்கள், பார்ப்போம்.

சான் ஆன்டோனியோ வாசி:

இன்று வீட்டு வாசலில் வைத்து எடுத்தேன். கிரில்லில் 87. பக்கத்து வென்ட் 61. படுக்கையறை 68. முதல் இரண்டுக்கும் 26 டிகிரி வித்தியாசம்! ஏசி பிரமாதமாகத்தானே இருக்கிறது?

ஸ்பேனர் செட்:

சந்தோஷப்படாதீர்கள். ஆரோக்கியமான கூரை ஏசியில் வித்தியாசம் 20 டிகிரியை ஒட்டி இருக்கும். 26 வந்தால் ஒன்று காற்றோட்டம் குறைந்திருக்கிறது, இல்லை குளிர்ந்த காற்று அறைக்கு வராமல் மறுபடி ஏசிக்குள்ளேயே போகிறது. குளிர்ந்ததையே திரும்பக் குளிர வைத்தால் 61 வரத்தானே செய்யும். படுக்கையறை வென்ட்டுக்கு நேரே ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடித்துப் பாருங்கள். படபடக்கிறதா, சும்மா ஆடுகிறதா?

சான் ஆன்டோனியோ வாசி:

சும்மா ஆடுகிறது. இழுத்துக்கொண்டு கிடக்கிற மாதிரி.

ஸ்பேனர் செட்:

அதேதான். முதலில் மின்சாரக் கேபிளை வெளியே பிடுங்குங்கள், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. உள்பக்கம் கூரையில், ஏசிக்கு நேர் கீழே உள்ள பிளாஸ்டிக் மூடியின் திருகுகளைக் கழற்றுங்கள். உள்ளே குளிர் காற்று போகும் பெட்டிக்கும் உறிஞ்சும் பெட்டிக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கும். ஃபோம், தகரம், எதுவாகவும் இருக்கலாம். அதைச் சுற்றி இடைவெளி இருக்கிறதா பாருங்கள். அலுமினிய ஃபாயில் டேப்பால் ஒட்டுங்கள். துணி டேப் வேண்டாம், ஈரத்தில் ஒரு மாதம் தாங்காது. ஃபோம் துண்டை அளவாக வெட்டிச் சொருகி, மேலே டேப் போட்டால் இன்னும் நல்லது.

கூடுவண்டி:

அவர் செய்யட்டும், அதற்குள் நான் ஒன்று கேட்கிறேன். உள்ளே என்ன சமைத்தீர்கள்?

சான் ஆன்டோனியோ வாசி:

மதியம் சாம்பார், சாதம். ஏன்?

கூடுவண்டி:

குக்கர் விசில் அடித்துப் பறக்கிற ஆவியை எல்லாம் ஏசிதான் திரும்பத் தண்ணீராக்க வேண்டும். ஒரு லிட்டர் ஆவிக்கு உங்கள் ஏசியின் முழுச் சக்தியும் பத்து நிமிடம் போய்விடும். அடுப்புச் சூடு தனிக்கணக்கு. கோடையில் எங்கள் குக்கர் வெளியே மேசையில்தான். பக்கத்து சைட்காரர் மூன்றாவது விசிலுக்கு எழுந்து வந்து "எல்லாம் சரியாக இருக்கிறதா" என்று கேட்டார். தட்டில் போட்டுக் கொடுத்தோம்.

இன்டக்‌ஷன், வாட்டர் ஹீட்டர், ஏசி மூன்றும் ஒன்றாக 30 ஆம்ப் தாங்காது, அது உங்களுக்கே தெரிந்திருக்கும். பழைய கேம்ப்கிரவுண்டில் மாலையானால் எல்லோரும் ஏசி போட்டு வோல்டேஜும் இறங்கும். பிளக்கில் சொருகும் மீட்டர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். 105 வோல்ட்டுக்குக் கீழே போனால் ஏசியை அணைத்துவிடுங்கள், கம்ப்ரசர் போனால் செலவு பெரிது.

சான் ஆன்டோனியோ வாசி (இரண்டு வாரம் கழித்து):

அண்ணா, மூடியைக் கழற்றினேன். நான்கு விரல் நுழையும் இடைவெளி! பழைய டேப் சுருண்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஃபோம் வைத்து ஒட்டினேன். இப்போது கிரில்லுக்கும் வென்ட்டுக்கும் 19 டிகிரி, படுக்கையறையில் டிஷ்யூ பேப்பர் கையை விட்டுப் பறக்கிறது.

அக்கா சொன்ன வலைத்துணியை இரண்டு ஜன்னலுக்குத்தான் தைக்க முடிந்தது, மூன்றாவதில் பழைய வெள்ளி ஃபிலிம் அப்படியே இருந்தது. அதுவும் நல்லதாகப் போயிற்று. மாலை நாலரைக்கு அகச்சிவப்பு தெர்மாமீட்டரை உள்ளேயிருந்து காட்டினேன். ஃபிலிம் ஜன்னல் 118, துணி போட்டது 97. ஸ்கைலைட்டுக்கு உறை, கூரை வென்ட்டுக்கு மெத்தை, குக்கர் வெளியே. வெளியே 101, உள்ளே 79.

அம்மா என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். "குளிருது, போர்வை எங்கே?"

ஸ்பேனர் செட்:

நல்லது. இரண்டு மாதம் கழித்து மூடியை ஒரு முறை கழற்றி டேப்பைப் பாருங்கள். ரோட்டு அதிர்வில் ஓரம் எழும்பும்.

பீனிக்ஸ் அக்கா:

மூன்றாவது ஜன்னலுக்கும் தைத்துவிடுங்கள் தம்பி. அந்த ஃபிலிமை வீசாதீர்கள், கதவிலிருக்கும் சின்னக் கண்ணாடிக்குச் சரியாக இருக்கும், பகலில் யாரும் எட்டிப்பார்க்க முடியாது. ராத்திரி உள்ளே விளக்கு எரிந்தால் வெளியிலிருந்து எல்லாம் தெரியும், அதனால் ஒரு திரையும் மாட்டிக்கொள்ளுங்கள்.