தொட்டி அளவும் தண்ணீரும்: மூணு கோல்ட் ஃபிஷ்ஷை இழந்த பிறகு

பெரம்பூர், சென்னை

மகளோட ஏழாவது பிறந்தநாளுக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணமும் மூணு கோல்ட் ஃபிஷ்ஷும் வாங்கினோம். கிண்ணம் 8 லிட்டர் பிடிக்கும். "ரெண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணிய முழுசா மாத்துங்கம்மா, வேற ஒண்ணும் வேணாம்"னு கடையில சொன்னாங்க. அப்படியே செஞ்சேன். ஒவ்வொரு தடவையும் கூழாங்கல்லைக்கூடத் தேய்ச்சுக் கழுவினேன். அஞ்சாம் நாள் ஒரு மீன் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுச்சு. பசின்னு நினைச்சு இன்னும் தீனி போட்டேன். மறுநாள் காலையில மகள்தான் முதல்ல பார்த்தா. பத்து நாள்ல மூணும் போயிடுச்சு.

தண்ணி கடைசி வரைக்கும் தெளிவாத்தான் இருந்தது. அதனாலதான் எனக்குச் சந்தேகமே வரல. மீன் செவுள் வழியா விடுற அமோனியாவுக்கும், மிஞ்சின தீனி அழுகி வர்ற அமோனியாவுக்கும் நிறம் கிடையாது. ஃபில்டர் பஞ்சிலயும் கல்லிலயும் ஒட்டி வளர்ற பாக்டீரியாதான் அதை நைட்ரைட்டா மாத்தும். இன்னொரு வகை பாக்டீரியா அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்தும். முதல் ரெண்டும் மீனுக்கு விஷம், நைட்ரேட்டை ஓரளவு தாங்கிக்கும். இந்தப் பாக்டீரியா நிலைச்சு வளர 4 முதல் 6 வாரம் ஆகும். என் கிண்ணத்துல ஃபில்டரே இல்ல. கல்லுல ஒட்டுனதையும் ரெண்டு நாளைக்கு ஒரு தடவை குளோரின் தண்ணியில நானே கழுவி விட்டிருக்கேன்.

எட்டு மாசம் கழிச்சுத்தான் மறுபடி மனசு வந்தது. வண்ணமீன் கடைகள் நிறைய இருக்கிற கொளத்தூர் போய், மீன் வாங்காம தொட்டி மட்டும் வாங்கிட்டு வந்தோம். 3 அடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர்னு கணக்குப் போட்டா 191 வருது. கல், மேல விடுற இடைவெளி எல்லாம் போக 160 லிட்டர் நிக்குது. அதே மீன் விடுற அதே கழிவு, இப்போ இருபது மடங்கு தண்ணியில கரையுது.

குளோரினை முறிக்கிற ஆன்டி குளோரின் மருந்து போட்டு, ஃபில்டரை ஓடவிட்டு, பாக்டீரியா வளரட்டும்னு மீன் இல்லாமலே தினம் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு வந்தோம். டெஸ்ட் கிட்டுல முதல்ல அமோனியா ஏறுச்சு, அப்புறம் நைட்ரைட். ஆறாவது வாரம் ரெண்டும் பூஜ்யம். அன்னைக்குத்தான் மீன் வந்தது, ரெண்டே ரெண்டு. "இவ்வளவு பெரிய தொட்டிக்கு ரெண்டுதானா?"னு வர்றவங்க எல்லாரும் கேக்குறாங்க. கோல்ட் ஃபிஷ் அரையடிக்கு மேல வளரும், கழிவும் அதிகம். எனக்கு ரெண்டே போதும்.

தூத்துக்குடி

அக்கா, என்கிட்ட தொட்டி பெருசு, 4 அடி. நீங்க சொன்ன பாக்டீரியா வளர்ற சைக்கிளும் முடிஞ்சிருந்தது. ஆனாலும் பன்னிரண்டு நியான் டெட்ரா ஒரே வாரத்துல போச்சு. எங்க போர் தண்ணியோட டிடிஎஸ், அதாவது கரைஞ்சிருக்கிற உப்புகளோட அளவு, 1400. நியான் அமேசான் பக்கத்து மென்தண்ணி மீன், உப்பு கம்மியான தண்ணியில வாழ்றது. அதைக் கவரோட அரைமணி நேரம் மிதக்கவிட்டு நேரா திறந்துவிட்டேன். தண்ணியோட அமில-காரத் தன்மையைக் காட்டுற பிஎச்சும் 8.2. பிஎச் ஏற ஏற அதே அளவு அமோனியா இன்னும் கடுமையாகும்னு பிறகுதான் படிச்சேன். கொஞ்ச நாள் ஆர்ஓ தண்ணி கலந்து பார்த்தேன். 4 அடி தொட்டிக்கு அது கட்டுப்படியாகல. இப்போ மோலியும் கப்பியும் வச்சிருக்கேன். இந்த உப்புத் தண்ணியிலயே குட்டி மேல குட்டி போடுது. தொட்டி வாங்குறதுக்கு முன்னாடி வீட்டுத் தண்ணிய அளந்து பாருங்க, அதுக்கு ஏத்த மீனைத் தேடுங்க.

மதுரை

நான் 2 அடி தொட்டியில நாலு ஆஸ்கர் விட்டவன். வாங்கும்போது ரெண்டு அங்குலம், ஒரு வருஷத்துக்குள்ள பத்து அங்குலம். மே மாசம் ஒரு மதியம் நாலு மணி நேரம் கரண்ட் இல்ல, தொட்டிக்குக் காத்தும் போகல. தண்ணி சூடாக ஆக ஆக்சிஜனும் குறையும். 20 டிகிரி தண்ணியில லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில ஏழரைதான். வேலை முடிஞ்சு வந்து பார்த்தப்போ ரெண்டு மிதந்துச்சு. மிச்ச ரெண்டையும் பெரிய சிமெண்ட் தொட்டி வச்சிருக்கிற நண்பர்கிட்ட கொடுத்தேன். கண்மாயில விடுன்னு சிலர் சொன்னாங்க, தயவுசெஞ்சு யாரும் அதைச் செய்யாதீங்க. தொட்டிப் பாசியைத் தின்னும்னு வாங்கி, இப்படி விட்ட சக்கர் மீன் நம்ம ஏரி, ஆறுகள்ல எப்படிப் பெருகிக் கிடக்குன்னு பார்க்குறோமே. இப்போ பேட்டரியில ஓடுற ஏர் பம்ப் ஒண்ணு எப்பவும் தயாரா இருக்கு.

பெரம்பூர், சென்னை

தம்பி, டிடிஎஸ் விஷயத்துக்கு நன்றி. எங்க பக்கத்துல கோடையில லாரி தண்ணி வரும், இனிமே அதையும் அளந்துட்டுத்தான் ஊத்தணும். இன்னொண்ணு சொல்ல விட்டுப்போச்சு. போன மாசம் வீட்டுக்கு வந்த உறவுக்காரர் ஒருத்தர் உதவி பண்றதா நினைச்சு ஃபில்டர் பஞ்சைக் குழாயில பிழிஞ்சு கழுவிட்டார். மூணாம் நாள் நைட்ரைட் தலைகாட்டுச்சு. தீனியை நிறுத்தி, தினம் கால்வாசித் தண்ணி மாத்தி, ஒன்பது நாள்ல சரியாச்சு. பஞ்சைத் தொட்டியிலேர்ந்து எடுத்த பழைய தண்ணியிலதான் அலசணும். மகள் அதை ஒரு தாளில எழுதி ஃபில்டர் மேலயே ஒட்டிவச்சிருக்கா.