ஏற்காட்டில் இருந்தபடி ஜெர்மன் நிறுவன வேலை: பணியிடத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது?

ஏற்காட்டு மைந்தன்:
வணக்கம். ஜெர்மனியில் வசிக்கும் நான், நவம்பர் முதல் மார்ச் வரை ஏற்காட்டில் பெற்றோருடன் தங்கி வேலை பார்க்க நிறுவனம் அனுமதித்திருக்கிறது. பணியிடச் செலவு மட்டும் என்னுடையது. ஐந்து மாதங்களுக்கும் சேர்த்து 60,000 ரூபாய் வைத்திருக்கிறேன். சேலம் அஸ்தம்பட்டியில் பகிர்வு அலுவலகம் ஒன்றில் ஓர் இருக்கைக்கு மாதம் 6,500 ரூபாய் கேட்கிறார்கள். வீட்டில் முன்னறை இருக்கிறது. ஆனால் மழை வலுத்தால் மின்சாரம் போய்விடுகிறது. எதற்குச் செலவிடுவது?

அழகாபுரம் வாசி:
அந்த 6,500 ரூபாயில் ஜி.எஸ்.டி. அடங்குமா என்று முதலில் கேளுங்கள். அடங்காவிட்டால் 18 சதவீதம் கூடி 7,670 ஆகும். ஐந்து மாதங்களுக்கு 38,350 ரூபாய். அதைவிட நேரத்தைப் பாருங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை ஜெர்மனி நமக்கு நாலரை மணி நேரம் பின்தங்கியிருக்கும் என்பதால், அங்கே காலை 9 முதல் மாலை 5.30 வரையிலான வேலை உங்களுக்குப் பகல் 1.30க்குத் தொடங்கி இரவு 10க்குத்தான் முடியும். அந்நேரம் வரை கதவு திறந்திருக்குமா என்பது ஒருபுறம் இருக்க, இருபது கொண்டை ஊசி வளைவுகளைப் பனிமூட்டத்தில் தினமும் ஏறி வீடு சேர வேண்டுமே!

மலைக்காற்று:
அண்ணன் சொல்வது சரி. பணத்தை முன்னறையில் போடுங்கள். நானும் இங்கிருந்துதான் வெளிநாட்டு வேலை பார்க்கிறேன். 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரியில் கணக்குப்படி 1,800 வாட்-அவர் இருந்தாலும், மூன்றில் இரண்டு பங்கை மட்டும் நம்புங்கள். மடிக்கணினிக்கு 65, திரைக்கு 25, ரவுட்டருக்கு 10 என்று 100 வாட் வைத்தால் பன்னிரண்டு மணி நேரம் தாங்கும். இன்வெர்ட்டரோடு சேர்த்து எனக்கு ஏறக்குறைய 25,000 ரூபாய் ஆனது. அதை யூ.பி.எஸ். நிலையில் வைக்க மறந்துவிடாதீர்கள். நான் மறந்ததால், மின்சாரம் மாறும் நொடியில் ரவுட்டர் அணைந்து, அது மீண்டும் பச்சை விளக்கு காட்டுவதற்குள் கூட்டத்தில் என் முறை போய்விட்டது. ஃபைபர் இணைப்பு அறுந்தால் கைகொடுக்க வேறொரு நிறுவனத்தின் சிம்மும் வேண்டும். வாங்கும் முன் முன்னறையிலேயே சிக்னலைச் சோதியுங்கள்.

கணக்குப்பிள்ளை:
ஆடிட்டருக்கும் ஒரு தொகை எடுத்து வையுங்கள். ஐந்து மாதங்கள் என்பது 151 நாட்களே. ஆனால் வரிக்கு, இந்தியாவில் இருந்த நாட்களை ஏப்ரல் முதல் மார்ச் வரை எண்ணுவார்கள். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வந்திருந்தால் அந்த நாட்களும் சேர்ந்து, 182 என்ற எல்லையை நெருங்கக்கூடும்; அதைத் தொட்டால் வரிக்கு இந்தியாவில் வசிப்பவராகக் கருதுவார்கள். நீங்கள் கேட்காத செலவுதான், ஆனாலும் டிக்கெட் எடுக்கும் முன்பே பேசிவிடுவது நல்லது.

ஏற்காட்டு மைந்தன்:
அனைவருக்கும் நன்றி. அஸ்தம்பட்டி இருக்கையை விட்டுவிட்டேன். மே மாதம் 16 நாட்கள் வந்திருந்தேன், ஆக மொத்தம் 167. முன்னறையில் தை முடியும் வரை காப்பிக்கொட்டை மூட்டைகள் அடுக்கியிருக்கும். அவற்றை எங்கே நகர்த்துவது என்று அம்மாவிடம் இனிமேல்தான் கேட்க வேண்டும்.