பவளத் தொட்டிக்கு நண்டு: எதை நம்பி விடுவது?

வவுனியாத்தொட்டி:
வணக்கம். வீட்டில் 120 லீற்றர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். இரண்டு கோமாளி மீன், கொஞ்சம் சோவாந்தஸ் என்கிற பவள வகை, காளான் பவளம், சில நத்தைகள். கல் முழுக்கப் பச்சைக் குமிழ்ப்பாசி பிடித்துவிட்டது. எமரால்ட் நண்டு விட்டால் தின்று தீர்க்கும் என்று கொழும்புக் கடையில் சொன்னார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. முல்லைத்தீவில் இருக்கிற மச்சான், கரையில் சங்கோடு நடக்கிற நண்டை வாளி வாளியாய்ப் பிடித்துத் தருகிறேன் என்கிறான். எதை விடலாம்?

கொக்கிளாய்க்காற்று:
மச்சானைப் பேசாமல் இருக்கச் சொல்லுங்கோ. மணலில் சங்கோடு திரிகிறது தரையில் வாழ்கிற துறவி நண்டு. காற்றைத்தான் சுவாசிக்கும். தொட்டிக்குள் போட்டால் மூழ்கிச் செத்துவிடும், அப்புறம் அது அழுகித் தண்ணீரையும் கெடுக்கும். குழி தோண்டி ஓடுகிற மணல் நண்டுக்கும் இதே கதைதான்.

என்னைக் கேட்டால் கடை நண்டும் வேண்டாம். பவளத்துக்குப் பாதுகாப்பானது என்பதெல்லாம் விற்கிறவர் பேச்சு. பசித்த நண்டு பாசி எது, பவளம் எது என்று பார்க்காது.

நந்திக்கடலான்:
அண்ணை, ஒரேயடியாய்த் தள்ளிவிட ஏலாது. இடுக்கியைப் பார்த்தாலே பாதி விளங்கும். எமரால்ட் நண்டின் இடுக்கி நுனி கரண்டி மாதிரிக் குழிந்து மழுங்கியிருக்கும், கல்லில் பாசியைச் சுரண்டுவதற்கு. நுனி கறுத்து, கூர்மையாய், காலெல்லாம் மயிராய் இருந்தால் ஆள் வேட்டைக்காரன். வாங்கிய கல்லின் பொந்துக்குள் ஒளிந்து வருகிறவை அநேகமாய் அந்த வகைதான், இரவில் டோர்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். கடைசிக் காற்சோடி தட்டையான துடுப்பாய் இருந்தால் யோசிக்கவே தேவையில்லை. நாங்கள் கறி வைக்கிற நீல நண்டும் சேற்று நண்டும் அப்படித்தான். குட்டி என்று பாவம் பார்த்து விட்டால் மீன் மிஞ்சாது.

பயமே வேண்டாம் என்றால் போர்சலின் நண்டு. அது அசல் நண்டு இனமும் இல்லை, நடக்கிற கால் மூன்று சோடிதான் தெரியும். இடுக்கி பெரிதாய் இருந்தாலும் சண்டைக்குத்தான், சாப்பாட்டுக்கு இல்லை. வாயருகே இறகு விசிறி போல இரண்டு உறுப்பு இருக்கும். ஒன்றை விரித்து வீசி, நீரில் மிதக்கிற துணுக்கை வடித்து வாய்க்குள் வழித்துக்கொள்ளும், உடனே மற்றதை விரிக்கும். பார்க்க உட்கார்ந்தால் எழும்ப மனம் வராது. ஆனால் உங்கள் பாசியைத் தொடாது.

கொக்கிளாய்க்காற்று:
சரி, அப்போ அவருடைய கேள்விக்கு எமரால்ட்தான் மிச்சம். பாசி தீர்ந்த பிறகு அது என்ன தின்னும்? தெரிந்த ஒருவரின் தொட்டியில் சோவாந்தஸை ஒவ்வொன்றாய்க் கிள்ளத் தொடங்கியது, பிடிப்பதற்குக் கல்லையெல்லாம் வெளியே எடுக்க வேண்டியதாய்ப் போயிற்று. குமிழ்ப்பாசியைக் கையாலேயே எடுக்கலாமே. சின்னக் குழாயால் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே, குமிழை அடியோடு திருகி எடுங்கோ. உடைந்தாலும் குழாயோடு வெளியே போய்விடும். தீனியைக் குறைக்காமல் நண்டு விட்டு என்ன பயன்? மிஞ்சுகிற தீனி அழுகி உண்டாகிற நைத்திரேற்று தண்ணீரில் இருக்கும்வரை பாசி திரும்ப வரும்.

கிளிநொச்சிரீச்சர்:
தீனி விஷயத்தில் அண்ணை சொல்வது சரி. ஆனால் பாசி தீர்ந்தால் நண்டு பட்டினி கிடக்க வேண்டும் என்று யார் சொன்னது? காய்ந்த நோரிப் பாசியில் ஒரு துண்டைக் கல்லிடுக்கில் செருகிவிட்டால் போதும்.

இன்னொன்று தம்பி, எமரால்ட் இல்லை என்று கடையில் சாலி லைட்ஃபுட் என்கிற நண்டைத் தந்தால் வாங்க வேண்டாம். குட்டியில் பாசி தின்னும், வளர்ந்ததும் தூங்குகிற சின்ன மீனில் கை வைக்கும். நீருக்குள் வாழ்கிற துறவி நண்டு என்றால் வெற்றுச் சங்கு நிறையப் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் சங்குக்காக நத்தையைக் கொல்லும்.

நந்திக்கடலான்:
நண்டு என்றாலே பவளத்துக்கு எதிரி என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டிரபீசியா என்கிற சின்ன நண்டு கிளைப் பவளத்துக்குள்ளேயே குடியிருந்து அதன் சளியைத் தின்னும். பவளத்தைத் தின்கிற முள்முடி நட்சத்திர மீன் வந்தால் அதன் குழாய்க்காலைக் கிள்ளித் துரத்தும்.

கொக்கிளாய்க்காற்று:
அதைப் பிடிக்கப் பவளத்தை உடைக்க வேண்டும், கடலில் பவளம் உடைத்தால் வழக்கு. பிள்ளைக்கு இருப்பது காளான் பவளம். ஏன் இந்தக் கதை?

வவுனியாத்தொட்டி:
முதலில் குழாயால் எடுத்துப் பார்க்கிறேன். எட்டாத பொந்துகளுக்கு எமரால்ட் ஒன்றே ஒன்று. கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்து சேர ஆறேழு மணித்தியாலம் ஆகும், தாங்குமா?

நந்திக்கடலான்:
தாங்கும். பையை ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கோ, சூடு ஏறக்கூடாது. வந்ததும் அப்படியே கொட்டாமல், தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாய்ப் பைக்குள் விட்டு உப்பளவைச் சமப்படுத்துங்கோ. பெண் நண்டாய்க் கேளுங்கோ, இடுக்கி சின்னது. சந்தையில் பார்க்கிறது போலத்தான், வயிற்று மடல் அகன்றிருந்தால் பெண்.

கொக்கிளாய்க்காற்று:
பசித்தால் பெண்ணும் தின்னும்.