லென்ஸ் அடாப்டருக்குச் சொல்: தகவியா, இடைப்பூணா?

வேலூரிலிருந்து:

குடியாத்தம் ஐயாவுக்கும் நம் கலைச்சொல் குழுவின் மற்ற நண்பர்களுக்கும் வணக்கம். ஒரு வகை லென்ஸை வேறு வகைக் கேமராவில் மாட்ட நடுவில் வைக்கும் வளையம்தான் லென்ஸ் அடாப்டர். அதற்கான தமிழ்ச் சொல் பற்றி ஐயா எழுதியிருந்தது:

> ‘தகவி’ ஏற்கெனவே இருக்கிறது. மின் தகவி, பிணையத் தகவி என்று பழகியும் விட்டது. ‘வில்லைத் தகவி’ (வில்லை என்றால் லென்ஸ்) என்று வைத்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போவோம்.

போகலாம்தான். ஆனால் இந்த ஒரு பொருளுக்குத் தகவி ஒட்டவில்லை ஐயா. மின் தகவி 230 வோல்ட்டை வாங்கி 5 வோல்ட்டாக மாற்றித் தருகிறது. லென்ஸ் அடாப்டர் எதையும் மாற்றுவதில்லை. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் உட்கார்ந்து ஓர் இடைவெளியைச் சரியான அளவுக்கு நிரப்புகிறது, அவ்வளவுதான். அதன் பிழைப்பு முழுக்க அதன் கனத்தில், அதாவது தடிமனில், இருக்கிறது. பெயரைக் கேட்டதுமே வாங்குகிறவனுக்கு “எத்தனை மி.மீ.?” என்று கேட்கத் தோன்ற வேண்டும். தகவி என்றால் தோன்றாது. “என் கேமராவுக்குத் தகுமா?” என்றுதான் கேட்பான், கடைக்காரரும் “ம், தகும்” என்று கொடுத்து அனுப்பிவிடுவார்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கேமராவில் லென்ஸ் உட்காரும் உலோக முகத்திலிருந்து உள்ளே சென்சார் வரைக்கும் ஒரு தூரம் உண்டு. நிக்கான் எஃப் வகைக்கு 46.5 மி.மீ., பழைய எம்42 மரை லென்ஸ்களுக்கு 45.46, கேனான் இஎஃப் 44, அதற்கு முந்தைய கேனான் எஃப்டி 42. உள்ளே ஆடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் வந்த பிறகு இது நன்றாகக் குறைந்துவிட்டது: சோனி இ 18, நிக்கான் இசட் 16. எந்தத் தூரத்துக்கென்று லென்ஸைச் செய்தார்களோ அந்தத் தூரத்தில் உட்கார்ந்தால்தான் தொலைவில் இருப்பது தெளிவாக விழும். எம்42 லென்ஸை இஎஃப் கேமராவில் மாட்ட 1.46 மி.மீ. வளையம் வேண்டும், ஏறத்தாழ ஒரு ரூபாய்க் காசின் கனம். அதே லென்ஸைச் சோனியில் மாட்ட 27.46 மி.மீ. நீளத்துக்கு ஒரு குழலே வேண்டும். கடையில் இரண்டுக்கும் ஒரே பெயர்.

நிக்கான் எஃப்தான் வம்பு. எம்42 லென்ஸ் கேட்பது 45.46, கேமராவே 46.5 எடுத்துக்கொண்டது. அப்படியென்றால் வளையத்தின் கனம் மைனஸ் 1.04 ஆக இருக்க வேண்டும். ராணிப்பேட்டையில் எவ்வளவு கெட்டிக்கார லேத் பட்டறைக்காரராக இருந்தாலும் அதைக் கடைந்து தர முடியாது. கனமே இல்லாத வளையம் என்று வைத்துக்கொண்டாலும் 50 மி.மீ. குவியத் தூரமுள்ள லென்ஸ் இரண்டரை மீட்டருக்கு அப்பால் எதையும் தெளிவாகக் காட்டாது. மணமேடையில் மாப்பிள்ளை முகம் வரும், மண்டபம் வராது. இதைச் சரிக்கட்ட உள்ளே ஒரு சின்னக் கண்ணாடி வைத்து விற்கிறார்கள். மலிவு வளையத்தில் வரும் அந்தக் கண்ணாடி, லென்ஸில் ஒளி புகும் துளையை முழுக்கத் திறந்தால் படம் முழுக்க ஒரு வெளுப்பைப் பூசிவிடும். ஆசைப்பட்டு வாங்கிய பழைய லென்ஸின் அழகு அதோடு போச்சு. கையில் நிக்கான் எஃப் வைத்திருப்பவர்கள் எம்42 பக்கம் போகாமல், நிக்கானின் சொந்தப் பழைய லென்ஸ்களையே தேடுவது நல்லது.

மலிவு வளையத்தில் வரும் கோளாறும் இதே கணக்குதான். கனம் 0.1 மி.மீ. கூடிவிட்டால் 50 மி.மீ. லென்ஸ் 25 மீட்டரோடு நின்றுவிடும். 28 மி.மீ. லென்ஸ் எட்டு மீட்டரைத் தாண்டாது. 135 மி.மீ. லென்ஸுக்குப் பாதிப்பு குறைவு, 180 மீட்டர் வரை போகும். வேலூர்க்காரர்களுக்குச் சோதனை செய்ய இடம் தேட வேண்டியதில்லை. கோட்டை அகழிக்கு வெளியே நின்று, துளையை முழுக்கத் திறந்து, ஃபோகஸ் வளையத்தை முட்டும்வரை திருப்பி, அந்தப் பக்க மதிலை எடுங்கள். அப்புறம் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். கல் இடுக்கில் முளைத்த செடியில் இலை இலையாகத் தெரிகிறதா, வெறும் பச்சைத் திட்டாக இருக்கிறதா? திட்டு என்றால், ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் திருப்பி எடுத்துப் பாருங்கள். அப்போதும் தெளியாவிட்டால் வளையம் தடித்துவிட்டது. படத்தில் ஒரு பக்கம் மட்டும் மங்கினால், கனம் ஒரே சீராக இல்லை. காலிப்பரை நாலு இடத்தில் வைத்து அளந்தால் குட்டு வெளிப்படும்.

செய்கிறவர்களுக்கும் இது தெரியும். அதனால் வேண்டுமென்றே கொஞ்சம் மெல்லிசாகக் கடைந்துவிடுகிறார்கள். அப்போது லென்ஸ், பாடப்புத்தகம் சொல்லும் ஈறிலாத் தொலைவையும் (இன்ஃபினிட்டி) தாண்டித் திரும்பும். லென்ஸ் மேல் பொறித்திருக்கும் மீட்டர் எண்களை நம்ப முடியாது, ஆனால் படம் கிடைக்கும். கனம் குறைந்தால் சமாளிக்கலாம், கூடினால் முடியாது. சில நூறு ரூபாய் வளையத்தில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், பளபளப்பை அல்ல. சொல்லப்போனால் உட்புறம் பளபளத்தாலே தொல்லை, ஒளி அதில் பட்டுச் சிதறும். மங்கலான கறுப்புப் பெயிண்ட் ஒரு பூச்சு பூசிவிடுங்கள்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். உலக்கை முனையில் இருக்கும் இரும்பு வளையத்துக்குப் பூண் என்று பெயர். கைத்தடிக்கும் உண்டு. உலோகத்தால் ஆனது, வளையமாக இருப்பது, ஒன்றின் முனையில் இறுகிப் பிடிப்பது: மூன்றும் இந்தப் பொருளுக்குப் பொருந்துகின்றன. இரண்டுக்கு நடுவில் வருவதால் இடைப்பூண். பூண், பூட்டு இரண்டும் ஒரே வேர் என்பது கூடுதல் வசதி. லென்ஸைச் செருகி முறுக்கினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும் அந்தக் கேமரா வாயை ‘பூட்டுவாய்’ எனலாம். முகத்திலிருந்து சென்சார் வரையுள்ள தூரத்துக்கு, லென்ஸ் அமரும் தூரம் என்ற பொருளில், ‘அமர்தூரம்’. லென்ஸின் அமர்தூரத்திலிருந்து கேமராவின் அமர்தூரத்தைக் கழித்தால் இடைப்பூணின் கனம். ஒரு வரியில் முடிகிறது பாருங்கள்.

மரையை மட்டும் தொட வேண்டாம். எம்42 என்பது 42 மி.மீ. விட்டம், 1 மி.மீ. புரியிடைவெளி கொண்ட மரை. பட்டறையில் ஏற்கெனவே மரை என்றுதான் சொல்கிறார்கள். அங்கே குழு கூடத் தேவையில்லை.

ஆம்பூரிலிருந்து:

அண்ணா, கடையில் போய் “இடைப்பூண் இருக்கா” என்று கேட்டால் ஒரு கிலோ பூண்டு கட்டிக் கொடுப்பார்கள் 😀. நாங்கள் எல்லாம் ரிங் என்றே சொல்கிறோம். எம்42 ரிங் என்றால் எல்லாருக்கும் புரிகிறது. அது போதாதா?

அப்புறம் ஒரு சந்தேகம். ஹீலியோஸ் 44-2 என்ற பழைய எம்42 லென்ஸ் ஒன்று வாங்கியிருக்கிறேன், 58 மி.மீ., துளை எஃப்/2. சோனியில் மாட்டினால் லென்ஸே இல்லை என்று கேமரா அடம்பிடிக்கிறது, ஷட்டர் விழவில்லை. ரிங் கெட்டுப்போய்விட்டதா? லென்ஸின் பின்னால் இருக்கும் ஊசியை அழுத்தும் விளிம்பு உள்ள ரிங்தான் வாங்க வேண்டும் என்றும் ஒருவர் சொன்னார்.

திருப்பத்தூரிலிருந்து:

தம்பி சொன்ன பூண்டு பயம் எனக்கும் உண்டு. ‘சும்மாடு’ என்று வைத்தால் என்ன? நடுவில் உட்கார்ந்து பாரத்தைத் தாங்குவதுதானே.

சோதனைக்குக் கோட்டையை விட நட்சத்திரம் மேல். ஜவ்வாது மலையில் காவலூர்ப் பக்கம் இரவு வானம் நல்ல இருட்டு. வைணு பாப்பு வான்காணகத்தை அங்கே அமைத்தது சும்மாவா? முக்காலியில் வைத்து ஒரு நட்சத்திரத்தை எடுத்துப் பாருங்கள். புள்ளியாக விழுந்தால் வளையம் சரி, தட்டாக விரிந்தால் சரியில்லை. மதிலில் செடியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

வேலூரிலிருந்து மறுமொழி:

அக்கா, நட்சத்திரச் சோதனையை அப்படியே ஏற்கிறேன். சும்மாட்டை ஏற்க மனமில்லை. சும்மாடு தாங்கும், பூட்டிக்கொள்ளாது. தலையை ஆட்டினால் குடம் விழும். லென்ஸ் விழக்கூடாது.

தம்பி, ரிங் கெடவில்லை. அதில் மின்தொடர்பு இல்லாததால், எதுவும் மாட்டவில்லை என்று கேமரா நினைத்துக்கொள்கிறது. மெனுவில் லென்ஸ் இல்லாமலே ஷட்டர் விழ அனுமதிக்கும் வசதி இருக்கும், அதை இயக்கிவிடு. ஊசி விஷயம் உனக்கு வேண்டாம். ஹீலியோஸில் 44எம் வகைக்குத்தான் பின்னால் ஊசி உண்டு, அவற்றில் பலவற்றில் அதை அழுத்தாவிட்டால் துளை சுருங்காது. உன் 44-2 முழுக்கக் கையால் திருப்புவது, ஊசியே கிடையாது. மாட்டிய பிறகு லென்ஸின் குறி மேலே வராமல் பக்கவாட்டில் நின்றால், வளையத்தின் விளிம்பில் பொடித் திருகுகள் மூன்று இருக்கின்றனவா என்று பார். இருந்தால் தளர்த்தி, உள்வளையத்தைத் திருப்பி, மறுபடி இறுக்கிக்கொள்.

ரிங் போதாதா என்றால், எந்த ரிங்? லென்ஸைத் தலைகீழாக மாட்டிப் பூச்சி எடுக்க ஒரு ரிங், ஃபில்ட்டர் அளவை மாற்ற ஒரு ரிங், கிட்டத்தில் எடுக்க நடுவே செருகும் ரிங், இது போதாதென்று ரிங் லைட். பூண் என்று ஒன்றைப் பிடித்தால் எல்லாம் வரிசையாக வரும்: கவிழ்பூண், படிப்பூண், நீள்பூண். கடையில் நீ ரிங் என்றே கேள், யாரும் தடுக்கவில்லை. எழுதும்போது எந்த ரிங் என்று தெரிய வேண்டும்.

குடியாத்தத்திலிருந்து:

தம்பி, உங்கள் கணக்கைப் படித்த பிறகு இடைப்பூணுக்கு எனக்கு மறுப்பில்லை. பூண்டு பயமும் தேவையில்லை. பூணூல் என்கிறோம், யாருக்கும் பூண்டு நினைவுக்கு வருவதில்லை.

பூட்டுவாய் மட்டும் கூடாது. “நீ பூட்டுவாய்” என்று எதிர்கால வினைமுற்றாகப் படித்துவிடுவார்கள். என் மாணவர்கள் நிச்சயம் படிப்பார்கள், அதற்கு மேல் சிரிப்பார்கள். ‘பூட்டுமுகம்’ என்று மாற்றுங்கள். அமர்தூரம் வினைத்தொகை, ஊறுகாய், சுடுசோறு மாதிரி. நடுவில் யாரும் ‘த்’ போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தூரத்தைத் தொலைவு ஆக்கச் சொல்லி ஒருவர் தனிமடலில் எழுதியிருக்கிறார். குவியத் தூரம் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது, அதோடு இணையாக இருக்கட்டும் என்பது என் கருத்து.

ஒரு கேள்வி பாக்கி. உள்ளே கண்ணாடிகளை வைத்துக் குவியத் தூரத்தையே குறைக்கும் வகை ஒன்று உண்டே, அதையும் இடைப்பூண் என்பீர்களா?

வேலூரிலிருந்து மறுமொழி:

பூட்டுமுகம் நன்றாக இருக்கிறது ஐயா, அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

அந்த வகையை இடைப்பூண் என்று சொல்ல மாட்டேன். 0.71 மடங்கு வகையை எடுத்துக்கொண்டால் 50 மி.மீ. லென்ஸை ஏறத்தாழ 35 ஆக்கிவிடுகிறது. எஃப்/2 லென்ஸ் எஃப்/1.4 போல வேலை செய்யும், ஒரு ஸ்டாப் கூடும், அதாவது வெளிச்சம் இரு மடங்காகும். விலையும் நம் வளையத்தைப் போலப் பல மடங்கு. அது உண்மையிலேயே ஒன்றை வாங்கி இன்னொன்றாக மாற்றித் தருகிறது. அதற்கு நீங்கள் சொன்ன ‘வில்லைத் தகவி’யையே வைத்துக்கொள்வோம்.