கிண்டர் ஸ்கௌட்: மேட்டைக் குறுக்கே கடப்பதா, விளிம்போடு சுற்றுவதா?

மழைமானி:
நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை மான்செஸ்டரிலிருந்து ரயிலில் எடேல் ஊருக்குப் போய் பீக் டிஸ்ட்ரிக்ட்டின் கிண்டர் ஸ்கௌட் மலை ஏறலாம் என்று திட்டம். ஆறு பேர். எல்லாரும் நன்றாக நடப்பார்கள், ஆனால் மூர் நிலம் (மரமில்லாத ஈர மேட்டுவெளி) யாருக்கும் பழக்கமில்லை. நண்பர் ஒருவர் சொன்ன வழி இது: கிரைண்ட்ஸ்புரூக் ஓடையோடு ஏறி, மேட்டின் நடுவே வடமேற்காக வெட்டிப் போய் கிண்டர் டவுன்ஃபால் அருவி, அங்கிருந்து மேற்கு விளிம்போடு கிண்டர் லோ, ஜேக்கப்ஸ் லேடர் வழியே இறக்கம். அந்த நடுத்துண்டு வரைபடத்தில் மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. ஓடுவதற்கான ஷூ போதுமா?

கெய்ட்டர்_கந்தசாமி:
ஷூவும் போதாது, அந்த வழியும் வேண்டாம்.

636 மீட்டர்தானே என்று கிண்டரை எடை போடாதீங்க. அதன் உச்சி கூர்மையான சிகரம் இல்லை, பல கிலோமீட்டர் அகலத் தட்டை மேடு. மேலே முழுக்க பீட். அதாவது ஆயிரக்கணக்கான வருஷம் மட்கியும் மட்காமலும் குவிந்த கரிய நார்மண். அதை மழைநீர் அறுத்து அறுத்து ஆளுயரத்துக்கு மேல் பள்ளம் பள்ளமா ஆக்கி வச்சிருக்கு. அங்கத்திய பேச்சில் க்ரஃப். ஒவ்வொண்ணிலும் சறுக்கி இறங்கணும், அடியில் சேற்றைத் தாண்டணும், எதிர்க்கரையில் கையூன்றி ஏறணும். ஏறி நின்னா முன்னால் அடுத்த பள்ளம்.

நெய்ஸ்மித் கணக்கு (5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், ஏற்றத்தில் 100 மீட்டருக்கு 10 நிமிஷம்) மேட்டு நடுவில் செல்லாது. புதியவர்கள் ஆறு பேர் மணிக்கு ஒன்றரை கி.மீ. நகர்ந்தாலே பெரிசு. நண்பர் சொன்ன சுற்று மொத்தம் சுமார் 16 கி.மீ. நவம்பர் நடுவில் சூரியன் மாலை 4.10 அளவில் மறையுது. 10 மணிக்குக் கிளம்பினாலும் ஜேக்கப்ஸ் லேடர் படிக்கல்லில் இருட்டில்தான் இறங்குவீங்க.

வடவரை:
கந்தசாமி வழக்கம்போலப் பயமுறுத்துகிறார். விளிம்புப் பாதையில் மட்டும் நடந்தால் எடேல் பள்ளத்தாக்கைப் பார்த்ததாக ஆகும், மூரைப் பார்த்ததாக ஆகாது. நான்கு பக்கமும் பழுப்பு அடிவானம், ஒரு வேலி இல்லை, ஒரு கூரை இல்லை என்கிற நிலம் இங்கிலாந்தில் இவ்வளவு ரயிலுக்குப் பக்கத்தில் வேறு எங்கே இருக்கிறது?

பாதையை விட்டு நடக்கும் உரிமையும் சும்மா வந்ததல்ல. 1932 ஏப்ரல் 24 அன்று நடை உரிமை கேட்டு பென்னி ராத்மன் என்பவரும் கூட்டத்தாரும் மேற்கே ஹேஃபீல்டு ஊரிலிருந்து அத்துமீறி ஏறியது, தனியார் நிலமென்று மூடியிருந்த இந்த மலையில்தான். ஐந்து பேர் சிறை போனார்கள். 2000ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு திறந்த மூரில் எங்கு வேண்டுமானாலும் காலால் நடக்கலாம்.

முறை தெரிந்தால் கடக்க முடியும். நண்பர் சொன்னதில் ஒரு திருத்தம்: கிரைண்ட்ஸ்புரூக் தலையிலிருந்து நேரே அருவிக்கு பேரிங் (காம்பஸ் காட்டும் திசைக்கோணம்) வைக்காதீர்கள். விளிம்போடு மேற்கே க்ரௌடன் ஓடையின் தலை வரை வாருங்கள். அங்கிருந்து வடக்கு-வடமேற்காக ஒன்றரை கி.மீ. அளவில் கிண்டர் ஆற்றின் படுகை குறுக்கே வரும். மணலும் கல்லும் கிடக்கும் அகலமான படுகை, தவற விடுவது கஷ்டம். இடதுபுறம் திரும்பி நீர் ஓடும் திசையில் போனால் அருவித் தலையில் விடும். புள்ளியைக் குறி வைக்காமல் கோட்டைக் குறி வைப்பது என்பது இதுதான்.

பள்ளத்தில் இறங்கியதும் திசை தொலைகிறது, ஏனென்றால் கால் தானாகவே சுலபமான பக்கம் திரும்பும். ஆகவே இறங்கும் முன் எதிர்க்கரையில் பேரிங் கோட்டில் ஒரு புல்குத்து அல்லது கல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏறியதும் அதன் மேல் நின்று அடுத்ததைக் குறியுங்கள். பனிமூட்டத்தில் குறி தெரியாவிட்டால் ஒருவரை முன்னே அனுப்பி, குரல் கொடுத்து இடம் வலம் நகர்த்தி, பிறகு மற்றவர்கள் அவரிடம் போகலாம். காந்த விலகல் (காம்பஸ் வடக்குக்கும் வரைபட வடக்குக்கும் உள்ள வித்தியாசம்) இந்தப் பகுதியில் இப்போது ஒரு பாகைக்கும் குறைவு, கூட்டிக் கழிக்க வேண்டாம்.

கெய்ட்டர்_கந்தசாமி:
முறை அருமை. காம்பஸ் பழகாத ஆறு பேர் கையில் குடுத்தா? ஒருத்தரை முன்னே அனுப்பி நகர்த்துறதுன்னா வேகம் இன்னும் பாதி.

1932 கதையில் ஒண்ணை விட்டுட்டீங்க. ஹேஃபீல்டிலிருந்து போனவங்க ஏறினது வில்லியம் க்ளஃப் ஓடைப்பள்ளத்து வழி. மேட்டு நடுவே பள்ளம் தாண்டி யாரும் போகலை!

பனிமூட்டத்தில் நிஜமா நடக்கிற தப்பு வேற. வழி தெரியாதவங்க "தண்ணி போற பக்கம் போனா ஊர் வரும்"னு நம்புவாங்க. கிண்டரில் தண்ணி மூணு பக்கம் போகுது. தெற்கே கிரைண்ட்ஸ்புரூக், க்ரௌடன்: எடேல். மேற்கே கிண்டர் ஆறு: ஹேஃபீல்டு. வடக்கே ஃபேர்புரூக், பிளாக்டன்: ஸ்நேக் கணவாய்ச் சாலை ஏ57. நடுமேட்டில் இந்த மூணும் பக்கத்துப் பக்கத்துப் பள்ளத்தில்தான் தொடங்குது. தப்பான பள்ளத்தைப் பிடிச்சா இருட்டும் நேரத்தில் ஏ57 ஓரத்தில் நிப்பீங்க. ரயில் மலைக்கு அந்தப் பக்கம்.

ஸ்பாக்னம்:
இரண்டு பேரும் நிலத்தைப் பற்றிப் பேசாமல் வழியைப் பற்றியே பேசுகிறீர்கள்.

வடவரை சொல்வதுபோல மேட்டைக் கடப்பதுதான் 1965இல் பென்னைன் வே நெடுநடைப் பாதை திறந்தபோது அதிகாரப்பூர்வ வழியாக இருந்தது. பிறகு ஏன் ஜேக்கப்ஸ் லேடருக்கு மாற்றினார்கள்? மிதித்து மிதித்துப் பாதை சேற்று ஆறாக விரிந்துவிட்டது. ஈரமாக இருக்கிறது என்று ஒவ்வொருவரும் ஓரமாக ஒதுங்க, ஓரமும் சேறாகும், அடுத்தவர் இன்னும் ஒதுங்குவார்.

அதற்கு முன்பே நிலம் நோயில் இருந்தது. மான்செஸ்டர், ஷெஃபீல்டு ஆலைப் புகையின் அமில மழையில் நீரைப் பிடித்து வைக்கும் ஸ்பாக்னம் பாசி பெரும்பாலும் செத்துப்போனது. மேல்போர்வை போனதும் பீட் மழையில் கரைந்து நீர்த்தேக்கங்களுக்குப் போனது. இப்போது அதைத் திரும்பக் கட்டுகிறார்கள். வெறும் பீட் மேல் சுண்ணாம்பும் உரமும் புல்விதையும் தூவி, வெட்டிய ஹெதர் புதர்த் தழையை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து பரப்பி, பள்ளங்களில் கல்லாலும் மரத்தாலும் சிறு அணைகள் வைத்து, நீர் தேங்கிய இடத்தில் பாசி நாற்று நடுகிறார்கள்.

இது நடப்பவர்களுக்கும் முக்கியம். "பள்ளத்தின் அடியிலேயே நடந்தால் சுலபம்" என்று பழைய ஆட்கள் சொல்வது காலாவதி. அடியில் இப்போது அணைகள். அணைக்குப் பின்னால் கண்ணாடிபோலத் தெரியும் நீரின் அடியில் கூழ் பீட், கால் விட்டால் தொடை வரை போகலாம். அணை மேல் ஏறி நடந்தால் கல் நகரும், ஒரு மழையில் அணையே போகும். பச்சைப் பசேல் மெத்தையாகத் தெரியும் இடம்தான் மிக மோசம், மேட்டில் நாணலும் பருத்திப்புல்லும் உள்ள இடம் அதைவிடத் தேவலை. ஹெதரும் பில்பெர்ரியும் வளர்ந்த இடம்தான் காலுக்கு உறுதி.

வடவரை:
அரிப்புக்கு ஆயிரக்கணக்கானோர் ஒரே கோட்டில் நடந்தது காரணம். ஆறு பேர் சிதறி நடப்பதும் அதுவும் ஒன்றா? அந்தக் கணக்கில் பார்த்தால் விளிம்புப் பாதைதான் அதிகம் தேய்கிறது.

ஸ்பாக்னம்:
விளிம்பில் பல இடங்களில் கல்லும் மணலும். ஜேக்கப்ஸ் லேடரில் கல் பதித்திருக்கிறார்கள். தாங்கும். புதிதாக முளைக்கும் பாசி ஒரு பூட்ஸையும் தாங்காது.

வடவரை:
சரி, நவம்பரில் புதியவர்களுக்கு வேண்டாம் என்று வைத்துக்கொள்வோம். மே மாதம், நீண்ட பகல், தெளிந்த வானம். அப்போதும் தடையா?

ஸ்பாக்னம்:
மே மாதம் கோல்டன் ப்ளோவர் பறவை தரையில் முட்டை வைத்திருக்கும். மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை இந்த நிலத்தில் நாயை இரண்டு மீட்டர் கயிற்றில் பிடித்தாக வேண்டும் என்ற சட்டமே அதற்காகத்தான். ஆகஸ்ட் கடைசி என்றால் எனக்கு மறுப்பு இல்லை. குஞ்சுகள் பறந்திருக்கும், ஹெதரும் பூத்திருக்கும். அடுப்பு மட்டும் பற்றவைக்காதீர்கள், காய்ந்த பீட் உள்ளுக்குள்ளேயே நாள்கணக்கில் புகையும்.

வடவரை:
ஆகஸ்ட் ஒப்புக்கொள்கிறேன். "கடக்கவே கூடாது" என்பதை ஒப்புக்கொள்ளவில்லை.

ஹோப்வேலி_வாசி:
மழைமானி தம்பி, இவையின்ர சண்டை முடியாது. நவம்பருக்கு நான் சொல்லுறதைக் கேளுங்கோ.

எடேலில் எல்லா ரயிலும் நிக்காது; விரைவு ரயில்கள் நிக்காமல் போகும். திரும்பி வாற ரெண்டு ரயில் நேரத்தை முதலே எழுதி வையுங்கோ. 9.30க்குள்ள நடக்கத் தொடங்குங்கோ. கிரைண்ட்ஸ்புரூக் மேல் பாதி பாறை, கை வைச்சு ஏற வேணும். ஈரத்தில வழுக்கும், அதால ஏறுறதுக்கு மட்டும்தான் அந்த வழி, இறங்குறதுக்கு இல்லை. ஊர் 250 மீட்டர் அளவு, மேல் விளிம்பு 600. மேலே ஏறினதும் இடப்பக்கம் திரும்பி விளிம்போட மேற்கே போங்கோ: க்ரௌடன் டவர், வூல் பேக்ஸ், பிம் சேர், நோ ஸ்டூல், பிறகு ஸ்வைன்ஸ் பேக், ஜேக்கப்ஸ் லேடர், அப்பர் பூத், எடேல். சுமார் 13 கி.மீ., நெய்ஸ்மித்தின்படி மூண்டரை மணித்தியாலம், ஆறு பேருக்கு ஐந்து எண்டு வையுங்கோ.

வழி தவறுற இடம் வூல் பேக்ஸ். காத்து செதுக்கின பாறைகள் கூட்டமாக் கிடக்கும், அதுக்குள்ள பாதை பலதாப் பிரியும். மூட்டமா இருந்தால் பள்ளத்தாக்கு எப்பவும் உங்கட இடக்கைப் பக்கம் இருக்க வேணும்.

மழைமானி:
நன்றி. அப்போ டவுன்ஃபால் பார்க்கவே முடியாதா?

ஹோப்வேலி_வாசி:
நோ ஸ்டூலுக்கு 12.30க்கு முன்னம் வந்து, மூட்டமும் இல்லையெண்டால், கிண்டர் லோ தாண்டி மேற்கு விளிம்புப் பாதையால போய்த் திரும்பலாம். போக வர அஞ்சாறு கி.மீ. கூடும். மேற்குக் காத்து பலமா அடிச்சால் 30 மீட்டர் அருவி கீழ விழாமல் மேலுக்கு எகிறும், தூரத்திலயே வெள்ளைத் தூவானமாத் தெரியும். பக்கத்தில போனால் முழுக்க நனைவீங்கள். 12.30 தாண்டினால் விடுங்கோ.

கெய்ட்டர்_கந்தசாமி:
கணுக்கால் மூடுற பூட்ஸ், கெய்ட்டர் (பூட்ஸுக்கு மேல் கட்டுற கணைக்கால் உறை), கம்பளிக் காலுறை. ஜீன்ஸ் கூடவே கூடாது, நனைஞ்சா காயாது, காத்தில் உடம்புச் சூட்டை உறிஞ்சிடும். ஆளுக்கு ஒரு தலைவிளக்கு. ஓஎல்1 (ஆர்டனன்ஸ் சர்வேயின் இந்தப் பகுதித் தாள்) காகித வரைபடம், காம்பஸ். குளிரில் போன் பேட்டரி சட்டுனு இறங்கும். ஒரு விசில்: ஆபத்துன்னா நிமிஷத்துக்கு ஆறு தடவை ஊதி, ஒரு நிமிஷம் நிறுத்தி, மறுபடி ஊதணும். 999 அழைச்சா முதலில் போலீஸ் கேளுங்க, பிறகு மலை மீட்புக் குழு. சிக்னல் குறைவான இடத்துக்கு 999 குறுஞ்செய்தி உதவும், ஆனா "ரெஜிஸ்டர்"னு ஆங்கிலத்தில் முன்கூட்டியே அனுப்பிப் பதிஞ்சிருக்கணும். வீட்டிலிருந்தே செய்யுங்க.

வடவரை:
காற்று மணிக்கு 40 மைலுக்கு மேல் என்று முன்னறிவிப்பு வந்தால் விளிம்பும் வேண்டாம். அன்று எடேலிலிருந்து தெற்கு முகட்டின் ஹாலின்ஸ் கிராஸ் ஏறி காசில்டன் ஊர்ப்பக்கம் இறங்குங்கள். மாம் டோர் குன்றுக்கு அடியில், நிலச்சரிவால் 1979இல் மூடிய பழைய ஏ625 சாலையின் உடைந்த தார் அடுக்குகளைப் பார்க்கலாம். இதிலாவது கந்தசாமி ஒத்துப்போவார் என்று நினைக்கிறேன்.

கெய்ட்டர்_கந்தசாமி:
போவேன். ஆனா எடேலுக்குத் திரும்ப அதே மேட்டை மறுபடி ஏறணும்னு சொல்லிடுங்க, மதியம் காசில்டனில் சாப்பாடு முடிஞ்ச கையோட யாருக்கும் அது பிடிக்காது.