காரைக்குடியிலிருந்து ஒரே நாளில் கடல் பார்த்துத் திரும்ப எங்கே போகலாம்?

ஊருணிக்கரை:
பள்ளத்தூரில் இருக்கிறோம். வரும் ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து நாத்தனார் பிள்ளைகள் வருகிறார்கள், 6 வயது ஒன்று, 9 வயது ஒன்று. கடலில் குளித்தே ஆக வேண்டுமாம். மூட்டுவலியோடு மாமியாரும் வருவார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப வேண்டும். பக்கத்தில் இருக்கிற தொண்டியே போதுமா? தனுஷ்கோடி ஒரே நாளில் தாங்குமா?

தேவகோட்டை அம்பாசடர்:
தங்கச்சி, 22 வருஷம் வாடகை வண்டி ஓட்டியவன் சொல்கிறேன். தேவகோட்டையிலிருந்து திருவாடானை வழியாகத் தொண்டி ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் குளிக்க என்று கூட்டிப்போனால் பிள்ளைகள் முகம் சுருங்கிவிடும். பாக் விரிகுடாவில் ஆழமும் குறைவு, அலையும் குறைவு. கரையில் சேறு. என் மகளை முதல் தடவை கூட்டிப்போனபோது, "என்னப்பா, நம்ம கண்மாய் மாதிரி இருக்கு" என்றாள். தொண்டிக்கு இருட்டோடு கிளம்ப வேண்டும். சூரியன் கடலிலிருந்து ஏறுவதைப் பார்த்து, மீன் வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். அதற்கு அது நல்ல ஊர்.

குளிக்க அரியமான் போங்கள். ராமநாதபுரம் தாண்டி மண்டபம் சாலையில், உச்சிப்புளி பக்கம் இடதுகைப் பக்கமாகத் திரும்ப வேண்டும். அதே அமைதியான கடல்தான், ஆனால் காலுக்கு மணல் கிடைக்கும். சவுக்கு நிழலில் ஒரு ஜமுக்காளத்தை விரித்தால் மாமியாருக்கும் சௌகரியம். போகும்போது தொண்டி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் தேவிபட்டினம் நவபாஷாணத்தையும் பார்த்துவிடலாம். கடலுக்குள் நிற்கும் ஒன்பது கல்லையும் நடைமேடையில் நடந்தே பார்க்கலாம். பரிகாரத்துக்குப் போட்ட நவதானியம் தண்ணீரில் மிதக்கும், அங்கே பிள்ளைகளை இறக்காதீர்கள்.

தனுஷ்கோடி போக மட்டும் காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய 160 கிலோமீட்டர். 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு கார் நேராகப் போகிறது. 1964 புயலில் இடிந்த தேவாலயத்தைப் பார்க்கலாம், ஒருபக்கம் அலை அடங்கிய பெண்கடல், மறுபக்கம் அலை அடிக்கிற ஆண்கடல் என்று காட்டலாம். குளிக்க மட்டும் விடாதீர்கள். ஒருமுறை என் சவாரிக்காரர் முழங்கால் தண்ணீரில்தான் நின்றார். காலடி மணல் சரிந்து ஆளே சாய்ந்துவிட்டார். இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தோம்.

அறந்தாங்கிக்காரன்:
மல்லிப்பட்டினம் பக்கம் கடற்கரையில் இருக்கிற மனோராவை விட்டுவிட்டீர்களே அண்ணே! நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்கு சரபோஜி மன்னர் 1814-இல் கட்டிய எட்டு அடுக்குக் கோபுரம். எதிரே இருக்கிற கடலில்தான் 2022-இல் கடல்பசுக்களுக்காக 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் அறிவித்தார்கள்.

தேவகோட்டை அம்பாசடர்:
பார்க்க அருமையான இடம் தம்பி. ஆனால் அங்கேயும் சேறுதான், கடல்பசு தின்கிற கடற்புல் வளர்கிற கடலாச்சே. குளிக்க அழுகிற பிள்ளையிடம் சரபோஜி கதை எடுபடாது.

ஊருணிக்கரை:
சரி அண்ணே, அரியமான்தான். புளியோதரை கட்டிக்கொள்கிறேன். எத்தனை மணிக்குக் கிளம்பட்டும்?

தேவகோட்டை அம்பாசடர்:
ஐந்தரைக்கு. வெயில் ஏறுமுன் குளித்துவிட வேண்டும். ஆளுக்கு இரண்டு மாற்றுத்துணி, ஒரு பெரிய கேன் நல்ல தண்ணீர். பிள்ளைகளின் காலைக் கழுவாமல் வண்டியில் ஏற்றாதீர்கள் தங்கச்சி. சீட்டுக்கு அடியில் போன மணல் தீபாவளி வரைக்கும் வந்துகொண்டே இருக்கும்.