புதுப்பிப்பு: வெளிநாட்டில் இருந்துகொண்டே பாஸ்போர்ட் புதுப்பித்தல்

முந்தைய பதிவு விண்ணப்பம், கட்டணத்தோடு நின்றது. போட்டோ, பழைய விசா பற்றிப் பலர் கேட்டதால் இந்தச் சேர்க்கை.

விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் போட்டோவால்தான். பல நாடுகள் கேட்பது 35 x 45 மி.மீ. அளவு, தாடையிலிருந்து உச்சி வரை படத்தின் உயரத்தில் 70 முதல் 80 சதவீதம் இருக்க வேண்டும். சுவரை ஒட்டி நின்றால் தலைக்குப் பின்னால் நிழல் விழும், இரண்டடி தள்ளி நில்லுங்கள். போனில் எடுத்தால் முகத்தை மெருகேற்றும் வசதியை அணைத்துவிடுங்கள். கண்ணாடியைக் கழற்றிவிடுவதே நல்லது.

புதிய பாஸ்போர்ட்டுக்குப் புது எண் வரும். விசாவோ பழைய எண்ணோடு கட்டுண்டது. ஒட்டிய விசா செல்லுபடியாகும் என்றால் பல நாடுகளில் இரண்டு பாஸ்போர்ட்டையும் சேர்த்துக் காட்டினால் போதும். சில நாடுகளில் மாற்றி வாங்கியாக வேண்டும். ஆகவே பழையதைத் திருப்பித் தரச் சொல்லுங்கள், ரத்து செய்ய மூலையை வெட்டும்போது விசாப் பக்கத்தில் கத்தரி படக்கூடாது என்பதையும் கவுண்டரிலேயே சொல்லிவிடுங்கள். பக்கத்தில் ஒட்டாமல் இணையத்தில் தரும் மின்விசா என்றால் கதையே வேறு: எண்ணைத் திருத்தாமல் விமான நிலையம் போனால் செக்-இன்னிலேயே நிறுத்திவிடக்கூடும். குடியிருப்பு அனுமதி, வங்கிக் கணக்கு, முன்பதிவு செய்த டிக்கெட் எல்லாவற்றிலும் எண்ணை மாற்றுங்கள்.

காலாவதிக்கு ஒன்பது மாதம் முன்பே தொடங்குங்கள். உள்ளே விட, பாஸ்போர்ட்டில் ஆறு மாதச் செல்லுபடி மீதம் இருக்கக் கேட்கும் நாடுகள் ஏராளம்.